பழைய ஏர் ரைஃபிளுக்கு உதிரி பாகம்: வாசகர் கேள்விகள்

கே: பயிற்சி ரைஃபிள் பழுதாகிவிட்டது. பாகம் எங்கே கிடைக்கும்?

ப: எந்த ரைஃபிள், எந்தப் பாகம்? மாடல் பெயர் இல்லாமல் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. உடைந்த பாகத்தை வீசிவிடாதீர்கள். புதிதாகச் செய்ய அதுதான் அளவு.

கே: என்னுடையது டயானா 75 மாடல் ஏர் ரைஃபிள். பிஸ்டன் சீல் (காற்றை அழுத்தும் பிஸ்டனின் முனையில் காற்று கசியாமல் தடுக்கும் பாகம்) பழுப்புப் பொடியாக உதிர்கிறது.

ப: அந்தக் காலத்து சிந்தெடிக் சீல் சுட்டாலும் சுடாவிட்டாலும் இப்படித்தான் உதிரும். மாற்று சீல் கிடைக்கிறது. ஆனால் இந்த ரைஃபிளில் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள் பல்சக்கரத்தால் இணைந்திருக்கின்றன. பிரிக்கும் முன் பற்கள் சேரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சுடும்போது உதைப்பு வந்துவிடும். பேரலுக்குக் காற்று போகும் துளையில் ஒட்டிய பழைய சீலின் பிசினையும் எடுங்கள்.

கே: பேரலின் பின்முனையில், குண்டு போடும் இடத்தில் உள்ள சீலுக்கு சாதாரண ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போதுமா?

ப: பெரும்பாலும் போதும். பழைய வளையம் நசுங்கியிருக்கும், அதனால் பள்ளத்தை அளந்து வாங்குங்கள்.

கே: ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கூடுதல் பலமுள்ளதாகப் போடலாமா?

ப: வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது! பத்து மீட்டர் தூரப் போட்டி ரைஃபிளுக்கு சுமார் ஏழு ஜூல் ஆற்றல் போதும், இலக்கு அட்டையைத் துளைக்க அதற்கு மேல் தேவையில்லை. பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே வேண்டியது ஒரே மாதிரியான வேகம்தான். பலமான ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் ஓங்கி அறையும், புது சீல் கிழியும், ஸ்டாக்கின் (கட்டையின்) திருகுகள் தளரும். கம்பி கொஞ்சம் தடித்தாலே சுற்றுகள் முட்டிக்கொண்டு ரைஃபிள் லோடே ஆகாது. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ ரைஃபிள்கள் இந்த ஆசையால்தான் பாழாகியிருக்கின்றன. பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை மூன்றையும் அளந்து அதே மாதிரி வாங்குங்கள். நீளத்தை நம்பாதீர்கள், புதிய ஸ்பிரிங்கும் கொஞ்ச நாளில் குறுகிவிடும். இன்னொன்று: அழுத்திப் பிடிக்கும் சாதனம் இல்லாமல் கழற்றவே கழற்றாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

கே: எந்த எண்ணெய்?

ப: சிந்தெடிக் சீலுக்கு ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய். அதை ஸ்பிரிங்கில் விடாதீர்கள், அங்கே கிரீஸ். சாதாரண மெஷின் எண்ணெய் உள்ளே போனால் அழுத்தத்தில் பற்றி வெடிக்கும்.

கே: குறிபார்க்க முன்குறிக் குழாய்க்குள் மாட்டும் வளையம் தொலைந்துவிட்டது.

ப: மெல்லிய பித்தளைத் தகட்டில் நீங்களே வெட்டலாம். முன்குறிக் குழாயின் உள்விட்டத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கே: ட்ரிகர் கொக்கியை (ட்ரிகரை இழுக்கும்வரை பிஸ்டனைப் பிடித்து வைக்கும் பாகம்) 3டி பிரிண்டரில் செய்யலாமா?

ப: கூடாது. பிளாஸ்டிக் தேய்ந்தால் ரைஃபிள் தானாகவே சுட்டுவிடும். கடினப்படுத்திய எஃகுப் பாகம் கிடைக்கும்வரை அந்த ரைஃபிளை லோடு செய்யாமல் வையுங்கள். அப்புறம், பழைய கொக்கியைப் பத்திரமாக வைத்திருங்கள்.