இரண்டு குவாட்டர் போட்டும் தள்ளாடவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பதினைந்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். முன்பு ஒரு குவாட்டரிலேயே தள்ளாடுவார், இப்போது இரண்டு போட்டாலும் பைக்கில் நேராக வீடு வந்துவிடுகிறார். உடம்பு பழகிவிட்டது என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் கயிறு கட்டி ஒரேயடியாக நிறுத்தப் போகிறோம். மூளை பழையபடி ஆகுமா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: பழகிவிட்டது என்று அவர் சொல்வது உண்மைதான் அம்மா, ஆனால் எது பழகியது என்று தெரிந்தால் பெருமையாகச் சொல்ல மாட்டார்.

மூளைச் செல் ஒவ்வொன்றையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சாராயம் தண்ணீரிலும் கலக்கும், கொழுப்புக்குள்ளும் நுழையும் என்பதால் அந்தச் சவ்வுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது, பார்த்திருப்பீர்கள். கொழுப்பிலும் அப்படி இறுகுகிற வகை, இளகுகிற வகை உண்டு. தினமும் இளக்கிக்கொண்டே இருந்தால் செல் என்ன செய்யும்? கொலஸ்ட்ராலையும் இறுகுகிற கொழுப்பையும் கூடுதலாகச் சேர்த்துச் சவ்வை விறைப்பாக்கிக்கொள்ளும். 1977-லேயே எலிகளில் இதைக் காட்டிவிட்டார்கள்: தொடர்ந்து சாராயம் கொடுத்த எலிகளின் சவ்வு, மறுபடி சாராயம் பட்டபோது முன்போல இளகவில்லை.

சவ்வு மட்டுமே காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை, அதில் பதிந்திருக்கும் புரதங்களுக்குத்தான் பெரிய பங்கு. செய்தியை வாங்கிக்கொள்ளும் அந்தப் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மூளைக்கு பிரேக் போடும் காபா ஏற்பிகள் மழுங்குகின்றன, ஆக்சிலேட்டர் மாதிரியான குளுட்டமேட் ஏற்பிகள் கூடுகின்றன. குடி உள்ளே இருக்கும்வரை இரண்டும் எப்படியோ சமாளித்து ஓடும். குடி சட்டென நின்றால் மழுங்கிய பிரேக்கும் கூடிப்போன ஆக்சிலேட்டரும்தான் மிஞ்சும்.

அதனால்தான் உங்கள் வெள்ளிக்கிழமைத் திட்டம் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு குவாட்டர் என்றால் 360 மில்லி, அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 120 கிராம். இவ்வளவு குடிப்பவர் சட்டென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அப்புறம் மூன்று நான்கு நாளில் இல்லாத ஆள் தெரிவது, குழப்பம் எல்லாம் வரலாம், உயிரே போகலாம். கயிறு தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் முதலில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்ற விடாதீர்கள். பி1 இல்லாமல் ஏற்றினால் மூளை மேலும் கெடும்.

பழையபடி ஆகுமா என்றால், பெருமளவு ஆகும். சவ்வின் கொழுப்பு மாறிக்கொண்டே இருப்பதுதான், குடியை விட்டால் சில வாரம், சில மாதத்தில் தூக்கமும் கவனமும் தேறும். செத்த செல் மட்டும் திரும்பாது.

வலிப்போ குழப்பமோ வந்தால் ஓபி நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த பைக் சாவியை இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள். தள்ளாட்டம்தான் வெளியே தெரியவில்லை, பிரேக் பிடிக்கிற கை மெதுவாகத்தான் வேலை செய்யும்.