காட்டுக்குப் போய் அண்டா துலக்குதல்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. மடிப்பாக்கத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. பதினாறு பேர் கொண்ட அணிக்கு மேனேஜர். பையன் பத்தாவது, பெண் ஆறாவது. அப்பாவுக்குச் சர்க்கரை, எங்களோடுதான் இருக்கிறார். பெரிய கஷ்டம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ஆனால் வயிற்றைப் பிசைகிறது. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை.

அலுவலக நண்பர் ஒருவர் ஒரு முகாமுக்குக் கூப்பிடுகிறார். ஆண்களுக்கு மட்டும். ஜவ்வாது மலையில், வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது. செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். விடியற்காலை ஓடைக் குளியல், மூச்சுப் பயிற்சி, மௌன நடை, இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது, மத்தளம் கொட்டுவது. கட்டணம் பதினாலாயிரம். ‘உங்களுக்குள் உறங்கும் வீரனை எழுப்புங்கள்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. மனைவியிடம் அனுமதி கேட்டேன். ‘போயிட்டு வாங்க’ என்றாள். அந்தப் ‘போயிட்டு வாங்க’ என் காதில் அவ்வளவு சரியாக விழவில்லை.

இதெல்லாம் நமக்குத் தேவைதானா, காசு இருப்பவர்களின் பொழுதுபோக்கா? போகலாமா? போனால் என்ன கொண்டு போக வேண்டும்?

வெ., மடிப்பாக்கம்

அன்புள்ள வெ.,

போய் வாருங்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதி, எப்படிப் போவது என்பதைப் பற்றி.

அதற்கு முன் ஒன்று. தூங்கியும் தூங்கின மாதிரி இல்லை என்கிறீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, உங்களுக்கு 44. முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறட்டை விடுவீர்களா என்று மனைவியைக் கேளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கக் கணக்கில் வராது. அதற்கு ஜவ்வாது மலையில் மருந்து இல்லை.

அப்புறம் அந்த வீரன். அவனை எழுப்ப வேண்டாம். உங்கள் வீட்டில் அவன் ஒருவனாவது தூங்கட்டும்.

ஆண்கள் காட்டுக்குப் போய் மத்தளம் கொட்டும் இந்த ஏற்பாடு 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பெரிய அலையாக அடித்தது. தொழிற்சாலைகள் வந்த பிறகு அப்பா வெளியே வேலைக்குப் போய்விட்டார், பையன் அவர் பக்கத்தில் நின்று எதையும் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் ஆண் பாதி வளர்ந்து நிற்கிறான் என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இருந்தாலும் அது அவர்கள் ஊர்ச் சரக்கு. நம் ஊர் ஆண்களுக்குக் காட்டுக்குப் போக ஒரு வழி ஏற்கெனவே இருந்தது, நோட்டீஸ் இல்லாமலே.

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைச் சொல்கிறேன். எங்கள் அப்பா வங்கியில் அதிகாரி. அவருடைய குருசாமி ஓட்டேரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பதினெட்டு முறை மலைக்குப் போனவர் குருசாமி என்பது கணக்கு. படிப்பும் சம்பளமும் அந்தக் கணக்கில் வராது. மற்ற நாட்களில் அப்பா அந்தக் கடையில் காற்றடிக்க நின்றால் அவர் ‘சார்’ என்பார். மாலை போட்டுவிட்டால் அப்பா அவர் காலில் விழுவார். எருமேலியிலிருந்து பெருவழியில் நடப்பவர்கள் அழுதா நதியில் முங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கல்லிடும் குன்றில் போட வேண்டும். கன்னிசாமியாகப் போன வருஷம் அப்பா தண்ணீரில் நின்றுகொண்டு எந்தக் கல்லை எடுப்பது, பெரிசா, சின்னதா, உருண்டையா என்று குருசாமியிடம் விசாரித்திருக்கிறார். “சாமி, அது கல்லு. எதையாவது எடுங்க. பின்னாடி ஆளு நிக்குது” என்றாராம் அவர். வங்கியில் அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அப்பா. அந்தச் சிரிப்பை வேறு எதற்கும் அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

பக்தி அவரவர் விஷயம், அதற்குள் நான் போகவில்லை. நான் கவனித்தது இதை: அந்தக் காட்டில் அப்பா அதிகாரி இல்லை, கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. எல்லாரும் சாமி, அவரும் ஒரு சாமி. முன்னால் போகிற சாமி வழுக்கினால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பதினாறு பேருக்கு மேனேஜர், இரண்டு பேருக்கு அப்பா, ஒருவருக்குப் பிள்ளை. உங்களைப் பற்றி நீங்கள் சொன்னது இவ்வளவுதான். ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைவது வேலைப் பளுவால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் எதுவாகவும் இல்லாத ஒரு மணி நேரம் உங்களிடம் இல்லை. முகாமிலும் அது கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் நீங்கள் சொன்ன நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமே விடவில்லை.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு டிசம்பரில் நானும் இப்படி ஒரு முகாமுக்குப் போனேன். யார் நடத்தியது என்பது வேண்டாம். ஐந்து மணிக்கு விசில். ஐந்தரைக்கு ஓடையில் கழுத்தளவு. ஆறரைக்கு மூச்சு. பத்து மணிக்கு வட்டமாக உட்கார வைத்து, கடைசியாக எப்போது அழுதீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். முதலில் பேசியவர் பெயரையும் கம்பெனியையும் பதவியையும் சொல்லிவிட்டுத்தான் அழுகைக்கு வந்தார். அடுத்தவர் அவரைவிட நன்றாகச் சொல்லப் பார்த்தார். நான்காவது ஆளுக்கு வருவதற்குள் அது அப்ரைசல் மாதிரி ஆகிவிட்டது. என் முறை வந்தபோது நான் ஒரு பொய் சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தூறல். நெருப்பு பிடிக்கவில்லை, மத்தளத்தைத் தார்ப்பாயில் சுற்றி வைத்துவிட்டார்கள். சமையல்காரருடைய உதவியாள் வரவில்லை. ஈர விறகோடு மல்லாடியதில் சாதம் அடிப்பிடித்துவிட்டது. சாப்பிட்ட பிறகு அண்டா அப்படியே கிடந்தது. இரண்டு பேர் வாங்க என்றார் சமையல்காரர். நானும் இன்னொருவரும் எழுந்தோம்.

ஓடைக் கரையில் அண்டாவை ஒருக்களித்துச் சாய்த்து வைத்து, அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்தார் என்னோடு எழுந்து வந்தவர். அப்படி வைத்தால்தான் கை அடி வரை எட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுப்புச் சாம்பல், கொஞ்சம் புளி, தேங்காய் நார். முதலில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, பிறகு கரண்டிக் காம்பால் சுரண்டி, அப்புறம்தான் நார். தீய்ந்த சாதம் ஓடாக உரிந்து வந்தது. வெளிப்பக்கக் கரி நகத்துக்குள் போய் அடைந்தது. தண்ணீர் விரலைக் கடித்தது. டார்ச்சை ஒரு கிளையில் மாட்டியிருந்தோம், அதைச் சுற்றி ஈசல். “இந்தப் பக்கம் பிடிங்க” என்றார் ஒருமுறை. “எங்க அம்மா கல்யாணச் சமையலுக்குப் போவாங்க” என்றார் இன்னொரு முறை. ஒரு மணி நேரத்தில் பேசியது இவ்வளவுதான். அண்டாவின் அடியில் பித்தளை தெரிந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஏறும்போது அவர் கேட்டார், “நாளைக்கு மத்தியானமும் நாமளே துலக்கிடலாமா?”

துலக்கினோம். மௌன நடைக்கு நாங்கள் போகவில்லை.

ஞாயிறு மாலை வேனில் செல்போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் ஆன் செய்ததும் அது விடாமல் அதிர்ந்தது. காதில் வைத்து, “ம், சொல்லுங்க” என்றார். அந்த ‘ம்’ வேறொருவருடைய குரல். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. பெயரையும் கேட்கவில்லை.

ஆகவே போனால், நிரலில் பாதியைத் தட்டிக் கழியுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பணம் கட்டியாகிவிட்டதே. விறகு பொறுக்கும் வேலை, தண்ணீர் தூக்கும் வேலை எங்கே நடக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். வட்டத்தில் அழ வரவில்லை என்றால் அழ வேண்டாம்.

உங்கள் மனைவியின் ‘போயிட்டு வாங்க’வுக்கு வருகிறேன். அப்பாவின் சபரிமலையைப் பற்றி உருகி எழுதிவிட்டேன், அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த 41 நாளும் அம்மா நாலு மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போவார். தனிச் சமையல், தனிப் பாத்திரம், தினம் கறுப்பு வேட்டி துவைப்பது, பஜனைக்கு வரும் முப்பது சாமிகளுக்குச் சுண்டல். அப்பா மலையிறங்கி வந்து அரவணைப் பாயச டப்பாவைக் கொடுப்பார். அம்மா அதைத் திறக்காமல் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். பகல் பதினொரு மணிக்கு. அம்மா பகலில் படுத்து நான் பார்த்தது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். எழுப்பக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும், ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

அனுமதி கேட்டேன் என்கிறீர்கள். சனிக்கிழமை காலை அப்பாவுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது, பையனை டியூஷனுக்கு யார் கொண்டு விடுவது, அதையெல்லாம் கேட்டீர்களா? உங்கள் மனைவி கடைசியாக எப்போது வீட்டைவிட்டு இரண்டு இரவு தனக்காகத் தங்கினார்? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் தங்கியதுதான் என்று பதில் வந்தால், அந்தத் தொனி ஏன் அப்படி இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன் காலண்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். அவருடைய இரண்டு நாளை முதலில் குறியுங்கள். அவர் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, திருச்சியில் ஒரு தோழி வீட்டுத் திண்ணையாகக்கூட இருக்கலாம். அந்த இரண்டு நாளும் வீட்டை நீங்கள் பாருங்கள். மாமியாரை வரவழைக்காமல்.

நடத்துகிறவர்களிடம் தயங்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தங்குமிடம் பட்டா நிலமா, காப்புக் காடா? காட்டுக்குள் நடப்பதற்கு வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் இறுகின. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்த புல்லும் சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் காலம். அந்த மாதங்களில் இரவு நெருப்பு உண்டு என்று எவராவது ஆசை காட்டினால் அவரோடு போகாதீர்கள். வீட்டிலேயே இருங்கள்.

பதினாலாயிரம் அதிகமா என்றால், எனக்கு அதிகம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளை முன்பதிவோடு திறந்தது. உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். நமக்குப் பக்கத்தில் பூண்டியை ஒட்டிய குடியம் குகைப் பாதை அதில் ஒன்று, ஒரே நாளில் போய் வரலாம். ஆதி மனிதர்களின் கல்லாயுதங்கள் கிடைத்த இடம் அந்தச் சுற்றுவட்டாரம். ஜவ்வாது மலையேதான் வேண்டும் என்றால் வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போகலாம். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பொதுமக்களை விடும் நாளைக் கேட்டுக்கொண்டு போனால் சிறிய தொலைநோக்கி ஒன்றில், சனி கிரகம் வானில் தெரியும் காலமாக இருந்தால், அதன் வளையத்தைக் காட்டுவார்கள். வரிசையில் நிற்க வேண்டும். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் ‘அங்கிள், சீக்கிரம்’ என்பார்கள். அதுவும் நல்லதுதான்.

கொண்டு போக வேண்டியவை: டார்ச், கம்பளி, தொப்பி, பழைய வேட்டி ஒன்று, அப்பாவின் மாத்திரைச் சீட்டு உங்கள் சட்டைப் பையில் இல்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில். புத்தகம் வேண்டாம், என்னுடையதும் வேண்டாம்.

திரும்பும் வழியில் ஜமுனாமரத்தூரில் சாமை அரிசி கிடைக்கும். ஒரு கிலோ போதும். நான் ஆர்வத்தில் ஐந்து கிலோ வாங்கி வந்து, அதில் வண்டு வைத்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் உலர்த்திப் புடைத்து எடுத்தேன். அப்போதும் பக்கத்தில் யாரும் இல்லை, செல்போன் கீழே இருந்தது.