வேலியோரம் தானாக முளைத்த மஞ்சள் பூ நாட்டு ஈவினிங் பிரிம்ரோஸ்தானா?

கேள்வி: மிசௌரியில் செயின்ட் லூயிஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். வேலியோரம் யாரும் நடாமல் ஒரு செடி ஆளுயரம் வளர்ந்து மஞ்சள் பூ பூக்கிறது. போன் ஆப் "ஈவினிங் பிரிம்ரோஸ்" என்கிறது. இது இந்த மண்ணுக்கே உரிய செடியா, களையா? எப்படி உறுதி செய்வது?

பதில்:

பெரும்பாலும் இந்த மண்ணின் செடிதான். பிடுங்கிவிடாதீர்கள். ஆனால் ஆப் சொன்னதோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். ஈவினிங் பிரிம்ரோஸ் சேர்ந்த ஈனோதீரா என்ற பேரினத்தில் சுமார் 145 இனங்கள் உண்டு. அநேகமாக எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. மஞ்சள் பூக்கும் வகைகள் மட்டும் நம் மாநிலத்திலேயே பல இருக்கின்றன. அதோடு சம்பந்தமே இல்லாத வேறு சில மஞ்சள் பூக்களும் மேலோட்டமான பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும்.

நானும் செயின்ட் லூயிஸ் புறநகர்வாசிதான். ஈனோதீரா அடங்கிய ஓனாக்ரேசியே குடும்பத்துச் செடிகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான ஊர் கிடையாது. மிசௌரி தாவரவியல் பூங்காவுக்கு 1971 முதல் 2010 வரை தலைவராக இருந்த பீட்டர் ரேவன் ஆராய்ந்தது இந்தக் குடும்பத்தைத்தான். அவரும் வாரன் வாக்னர், பீட்டர் ஹோக் ஆகியோரும் 2007-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் காரா, கேலிலோஃபஸ் போன்ற பேரினங்களை ஈனோதீராவுக்குள் சேர்த்துவிட்டார்கள். பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் ஆப்பில் வேறு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம், பாதி நேரம் காரணம் இதுதான்.

சரி, செடிக்கு வருவோம். எல்லோரும் முதலில் இதழைப் பார்க்கிறார்கள். இதழில் கிடைப்பது ஒரே ஒரு தகவல்: நான்கு இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் அது பட்டர்கப், செயின்ட் ஜான்ஸ் வோர்ட், முல்லன் என்று வேறு ஏதோ ஒன்று. நான்கு என்று எண்ணி முடித்த பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் பூவின் நடுப்பகுதியும் அடிப்பகுதியும்தான்.

நடுவில் எட்டு மகரந்தத்தாள்கள் இருக்கும். அவற்றுக்கு மத்தியில் சூல்தண்டின் நுனி நான்காகப் பிரிந்து ஒரு சிலுவை போல விரிந்திருக்கும். இந்தச் சிலுவை தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கடுகுக் குடும்பத்துப் பூவுக்கும் நான்கு மஞ்சள் இதழ் உண்டு, ஆனால் மகரந்தத்தாள் ஆறுதான், அதிலும் நான்கு நெடியவை, இரண்டு குட்டை. வசந்த காலத்தில் இங்கே காட்டு நிழலில் பூக்கும் செலண்டைன் பாப்பிக்கும் நான்கு மஞ்சள் இதழ்தான். அதன் நடுவில் எண்ண முடியாத அளவுக்கு மகரந்தத்தாள்கள் குவிந்திருக்கும், காம்பைக் கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். ஈனோதீராவில் பால் வராது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பென்சில் நுனியால் மகரந்தத்தைத் தொட்டு மெதுவாக இழுங்கள். தூளாக உதிராமல், சிலந்தி இழை மாதிரி மெல்லிய நூலில் கோர்த்தபடி நீண்டு வரும். இந்தக் குடும்பத்தின் மகரந்தமே அப்படித்தான். இரவில் வரும் அந்துப்பூச்சியின் காலிலும் உறிஞ்சுகுழலிலும் கொத்தாக ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவதற்கான ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் காட்டினால் அப்புறம் தோட்டத்தில் ஒரு பூவையும் விட்டுவைக்க மாட்டார்கள்!

அடுத்தது பூவின் அடிப்பகுதி. பூவைத் தாங்கும் மெல்லிய காம்பு என்று நீங்கள் நினைப்பது உண்மையில் காம்பு இல்லை. அது தேன் நிற்கும் நீளமான குழல். அதற்கும் கீழே, தண்டோடு ஒட்டினாற்போல இருக்கும் சற்றுத் தடித்த பகுதிதான் சூல்பை, பிறகு காயாவது அதுதான். உங்கள் வேலியோரச் செடி நான் நினைக்கும் ஈனோதீரா பையென்னிஸ் என்றால் அந்தக் குழல் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். நான்கு புல்லிதழ்களும் பூ விரிந்ததும் கீழ்நோக்கி மடிந்து தொங்கும்.

மறுநாள் பூ வாடியதும் இதழ், புல்லிதழ், குழல் எல்லாம் ஒன்றாகக் கழன்று விழுந்துவிடும். காயின் உச்சி மொட்டையாக இருக்கும். இதைக் கட்டாயம் கவனியுங்கள், ஏனென்றால் லுட்விஜியாவிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். லுட்விஜியாவும் இதே குடும்பம். ஊரில் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நான்கு மஞ்சள் இதழோடு நிற்குமே நீர்க்கிராம்பு, அந்தக் கூட்டம். அதில் குழலே கிடையாது, காயின் தலையில் நான்கு புல்லிதழ்களும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். மிசௌரியிலும் சீட்பாக்ஸ் என்ற லுட்விஜியா உண்டு. ஈரமான பள்ளங்களில் வளரும், காய் சின்னச் சதுரப் பெட்டி, முற்றியதும் ஆட்டினால் விதை உள்ளே கலகலக்கும். அதுவும் நாட்டுச் செடிதான், பிடுங்க வேண்டியதில்லை.

பூக்கும் நேரமும் பெரிய துப்பு. பையென்னிஸ் பொழுது சாயும்போது விரியும். மொட்டு திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: முதலில் புல்லிதழ்கள் மடியும், அப்புறம் இதழ்கள் சட்டென்று அவிழும். மறுநாள் வெயில் ஏறியதும் வாடத் தொடங்கிவிடும். மேகமூட்டமான நாளில் மதியம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும், அதனால் பகலில் ஒரு பூ திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். உண்மையிலேயே பகலில் பூக்கும் கூட்டம் ஒன்றும் உண்டு, அதை சன்டிராப்ஸ் என்கிறார்கள். நம் பக்கம் புல்வெளிகளில் காணப்படுவது ஈனோதீரா பைலோசெல்லா. முழங்கால் உயரம், பல ஆண்டு வாழும், தண்டு முழுக்க நீண்ட முடி இருக்கும். கிழக்கு மாநிலங்களில் அதிகம் தெரியும் ஃப்ரூட்டிகோசாவும் இந்த ரகம்தான். அதன் காய் கீழே குறுகி மேலே பருத்து, பக்கங்களில் நான்கு விளிம்போடு இருக்கும்.

உங்கள் செடி ஆளுயரம் என்கிறீர்கள், அதனால் சன்டிராப்ஸ் இல்லை. இலைகளைப் பாருங்கள்: ஈட்டி வடிவம், மாற்றி மாற்றி அமைந்தவை, நடு நரம்பு வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ தெரியும். இது இரண்டாண்டுச் செடி. முதல் வருடம் தண்டே இருக்காது, தரையோடு படிந்த வட்டமான இலைக்கொத்து மட்டும்தான். வீட்டை முன்பு வைத்திருந்தவர்கள் அதைக் களை என்று வெட்டாமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம். இந்த வருடம் பூத்து விதை உதிர்த்ததும் தாய்ச்செடி செத்துவிடும். பயப்பட வேண்டாம், விதை ஏராளம். மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் பல செடிகளின் விதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். 80 ஆண்டுகள் கழித்து ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தபோது முளைத்தவை மூன்றே இனங்கள், அதில் ஒன்று இந்த பையென்னிஸ். உங்கள் வேலியோரத்தில் யாரோ மண்ணைக் கிளறியிருப்பார்கள், உறங்கிக்கொண்டிருந்த விதை வெளிச்சம் பட்டு எழுந்திருக்கும்.

இப்போது கொஞ்சம் சிக்கலான விஷயம். ஆளுயரம், மாலையில் பூக்கிறது, சிலுவை இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது, ஆனாலும் நாட்டுச் செடியாக இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. ஈனோதீரா கிளேசியோவியானா என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பியத் தோட்டங்களில் கலப்பாக உருவாகி, அலங்காரச் செடியாக உலகம் சுற்றி, இங்கேயும் வந்து வேலி தாண்டியது. பிரித்தறிய இரண்டு இடம் பாருங்கள். ஒன்று அளவு: பையென்னிஸ் இதழ் ஓர் அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம், இதன் இதழ் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இரண்டு வரை போகும். இரண்டாவது, அந்தச் சிலுவை நிற்கும் உயரம். பையென்னிஸில் சிலுவை மகரந்தப் பைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், தன் மகரந்தமே தன்மேல் படும். கிளேசியோவியானாவில் அது மகரந்தப் பைகளுக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்டில் சிவந்த அடியுள்ள முடிகளும் சிவப்பேறிய புல்லிதழ்களும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இந்த விதி நம் பக்கத்துக்குத்தான். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இதைப் பின்பற்றினால் அங்கே நாட்டுச் செடியான ஹூக்கரி என்ற ஈனோதீராவைப் பிடுங்கிவிடுவார்கள், அதற்கும் பெரிய பூ, நீண்ட சூல்தண்டு.

இந்த வந்தேறிச் செடிக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. நெதர்லாந்தில் ஹில்வர்சம் அருகே கைவிடப்பட்ட ஓர் உருளைக்கிழங்கு வயலில் 1886-ல் ஹியூகோ டி வ்ரீஸ் என்ற தாவரவியலாளர் பார்த்தது இதைத்தான். திடீர் திடீரென்று புது மாதிரிச் செடிகள் எழுவதைக் கண்டு, திடீர் மரபு மாற்றத்தால் புது இனங்கள் பிறக்கின்றன என்ற மியூட்டேஷன் கோட்பாட்டை 1901-ல் வெளியிட்டார். பின்னால் ஆராய்ந்தபோது அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை அவர் நினைத்த வகை மாற்றங்களே இல்லை, இந்தச் செடிகளின் குரோமோசோம்கள் செய்யும் விசித்திரம் என்று தெரிந்தது. பையென்னிஸில் 14 குரோமோசோம்களும் ஜோடி சேராமல் வளையமாகக் கோர்த்துக்கொள்கின்றன. விதை போட்டாலும் பிள்ளைகள் கிட்டத்தட்டத் தாயின் நகலாகவே வரும். அதனால் ஓர் ஊரில் முடி கொஞ்சம் கூடினால் அது அந்த ஊரில் அப்படியே நிலைத்துவிடும். பையென்னிஸ், வில்லோசா, பார்விஃப்ளோரா என்று பிரிப்பதில் தாவரவியலாளர்களே சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான். உங்கள் செடி சாம்பல் பூத்தாற்போல அடர்ந்த முடியோடு இருந்தால் வில்லோசா என்று எழுதி வையுங்கள், இல்லையென்றால் பையென்னிஸ். எப்படியும் இரண்டும் நாட்டுச் செடிகள், வீட்டுத் தோட்டத்துக்கு அதற்குமேல் துல்லியம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வேறு எந்த மஞ்சள் ஈனோதீரா கண்ணில் படலாம் என்று கேட்டால், ஈனோதீரா லசினியாட்டாவைச் சொல்வேன். மணல் நிலத்தில் தரையோடு படரும், இலை ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், பூ சின்னது, வாடும்போது ஆரஞ்சாகச் சிவக்கும். பருத்தி பயிரிடுபவர்களுக்கு இது தலைவலி, கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தாலும் லேசில் சாகாது. நாட்டுச் செடியும் களையும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே இடம் இருக்கிறதே!

அப்புறம், ஒரு முறையாவது ஷா இயற்கைக் காப்பகத்துக்குப் போங்கள், கிரே சம்மிட்டில் இருக்கிறது. மே கடைசி, ஜூன் வாக்கில் அங்கே பாறை தெரியும் வெட்டவெளிகளில் ஈனோதீரா மேக்ரோகார்ப்பா பூத்திருக்கும். செடி அரையடி, ஒரு அடிதான், பூ உள்ளங்கை அளவு. குழல் மட்டும் நான்கைந்து அங்குலம் நீளும், சூல்பை எங்கோ இலைகளுக்கிடையில் ஒளிந்திருக்கும். காய்க்கு நான்கு அகலமான சிறகு, காய்ந்ததும் காற்றில் உருண்டு போகும். மஞ்சள் ஈனோதீராக்களில் என் ஓட்டு இதற்குத்தான். நர்சரியிலும் நாட்டுச் செடிப் பிரிவில் கிடைக்கும். வடிகால் நல்ல, வெயில் காயும் இடம் வேண்டும், நம்முடைய களிமண்ணில் அப்படியே நட்டால் அழுகும்.

வைத்திருக்க முடிவு செய்தால் இரண்டு விருந்தாளிகளை எதிர்பாருங்கள். ஜூலையில் ஜப்பானிய வண்டுகள் வந்து இலையைச் சல்லடையாக்கும். காலை நேரத்தில் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டி விடுங்கள், மருந்து அடிக்காதீர்கள். மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டாவது விருந்தாளி: பிரிம்ரோஸ் அந்துப்பூச்சி. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும், பகல் முழுக்கப் பாதி மூடிய பூவுக்குள் தலையை நுழைத்துத் தூங்கும், வெளியே தெரியும் மஞ்சள் ஓரம் வாடிய இதழ் போலவே இருக்கும். அதன் புழு இந்த மொட்டுகளையும் காய்களையும்தான் தின்னும். குளிர்காலத்தில் காய்ந்த தண்டை வெட்டாமல் விட்டால் நான்காகப் பிளந்த காய்களிலிருந்து கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் விதை பொறுக்கும்.

மாத்திரைக் கடையில் விற்கும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயும் இந்தக் கூட்டத்து விதையிலிருந்துதான் வருகிறது. வீட்டில் பிழிய முயல வேண்டாம், விதை அவ்வளவு பொடி. தோல் அரிப்புக்கு நல்லது என்பார்கள். 2013-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எக்ஸிமாவுக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை என்றே முடித்திருக்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் படம் போடுங்கள். மேலிருந்து எடுத்த பூப் படம் மட்டும் போதாது. பக்கவாட்டில் குழலும் சூல்பையும் தெரிய ஒன்று, நடுவிலுள்ள சிலுவையை நெருக்கத்தில் ஒன்று, காய் ஒன்று, தண்டின் முடி தெரிய ஒன்று. எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் எழுதுங்கள்.