சர்வீஸ் முடிந்த மோட்டார்சைக்கிளை நம்பி எடுப்பதற்கு முன்

கேள்வி: மெக்கானிக்கிடம் விட்ட மோட்டார்சைக்கிள் உண்மையிலேயே ஒழுங்காகச் சர்வீஸ் செய்யப்பட்டிருக்கிறதா என்று சிங்கப்பூரில் ஒரு சாதாரண ஓட்டுநர் எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குத் துவாஸில் வேலை. கிளமெண்டியிலிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலையில் தினமும் போய்வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை சர்வீஸ் முடித்து வாங்கிய வண்டியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினேன். ஜூரோங்கைத் தாண்டும்போது வளைவில் வண்டியின் பின்பக்கம் இலேசாக நெளிந்தது. காற்று என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் நெளிந்தது. பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளிவழியில் இறங்கி ஓரமாக நிறுத்திப் பார்த்தால், பின்சக்கர ஆக்சில் நட்டை விரல்களாலேயே திருக முடிந்தது. செயினை இறுக்குவதற்காக அதைத் தளர்த்தியவர் திரும்ப முறுக்க மறந்துவிட்டார். ரசீதில் "செயின் சரிசெய்யப்பட்டது" என்று அழகாக எழுதியிருந்தது.

அதனால் உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பேன். காசு வாங்கிய வேலையைச் செய்தாரா என்பது ஒன்று. செய்த வேலை உங்களை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுசேர்க்குமா என்பது இன்னொன்று. பெரும்பாலோர் முதலாவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். மாற்றாத ஆயிலால் போவது பணம். முறுக்காத நட்டால் போவது உயிர்.

முதலாவதற்கு வழி எளிது. வண்டியைக் கொடுக்கும்போதே, கழற்றும் பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போட்டுவிட்டோம் என்ற பதில்தான் வரும். என்னிடம் இருப்பது பஜாஜ் பல்சர் 200என்எஸ். ஒரே சிலிண்டர், ஆனால் அதில் மூன்று ஸ்பார்க் பிளக்குகள். பிளக் மாற்றியதாகச் சொன்னால், பழைய பிளக் மூன்று என் கைக்கு வரவேண்டும். ஒருமுறை ஒன்றுதான் வந்தது. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன். "அவை நன்றாகத்தான் இருந்தன, தம்பி" என்றார். ரசீதில் மூன்றுக்கும் பணம் போட்டிருந்தது. நான் சத்தம் போடவில்லை; ரசீதைக் காட்டினேன், திருத்திக்கொடுத்தார். ஏர் ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கொடுப்பதும் நல்ல பழக்கம். திரும்பி வந்த வண்டியில் அந்தப் புள்ளி இருந்தால் ஃபில்டர் மாறவில்லை என்று பொருள்.

ஆயிலைப் பொறுத்தவரை, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அளவைப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் வண்டி தவறான அளவைக் காட்டும். குறைவு மட்டுமன்றி, மேல்கோட்டைத் தாண்டுவதும் கேடுதான். புதிதாக ஊற்றிய ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருப்பதால், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கவேண்டும். காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம். அன்றிரவு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் கறை இருந்தால் வடிகால் போல்ட் அல்லது அதன் வாஷர் சரியாக உட்காரவில்லை.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. இதற்கு நான் பட்டறை வாசலிலேயே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன், யார் முகம் சுளித்தாலும் சரி.

வண்டியை நகர்த்துவதற்கு முன் முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் பலமுறை அழுத்திப் பாருங்கள். பிரேக் பேட் மாற்றும்போது உள்ளிருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் யாரும் அழுத்திச் சரிசெய்யாவிட்டால், முதல் அழுத்தத்தில் லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொள்ளும், பிரேக்கே பிடிக்காது. பட்டறையை விட்டு வெளியேறி முதல் சந்திப்பில் இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லீவர் கெட்டியாக நிற்கவேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அந்த வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊரின் ஈரப்பதத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்து செயின். இறுக்கமாக இருப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. நீங்கள் ஏறி உட்காரும்போது பின்சக்கரம் மேலெழும்பிச் செயின் இன்னும் இறுகும். அளவுக்கு மீறி இறுக்கினால் கியர்பெட்டியின் பேரிங் தேயும். எத்தனை மில்லிமீட்டர் தளர்வு வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலேயே ஒட்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள், ஏனென்றால் பழைய செயின் ஒரே சீராக இருக்காது. சக்கரத்தின் இருபுறமும் இருக்கும் அளவுக்கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். பின்டயரின் ஓரத்திலும் பிரேக் தட்டிலும் செயின் எண்ணெய் தெறித்திருந்தால் துடைத்துவிட்டே கிளம்புங்கள்.

எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. பின்விளக்கு முன்லீவரை அழுத்தினாலும் பின்பெடலை மிதித்தாலும் எரியவேண்டும். டயர் மாற்றியிருந்தால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்.

இப்போது நான் போவது காக்கி புக்கிட்டில் இருக்கும் ஒரு சீனப் பெரியவரிடம். அவர் முறுக்கிய ஒவ்வொரு முக்கிய நட்டின் மேலும், அதை ஒட்டிய உலோகத்தின் மேலும் சேர்த்து, குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சைக் கீழே வைத்தவுடன் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். நட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். ஆக்சில், பிரேக் காலிப்பர், ஹேண்டில்பார், எல்லாவற்றிலும் அந்தக் கோடு. எனக்கு அந்த ஒரு கோடு எத்தனை உறுதிமொழியைவிடவும் மேல். உங்கள் மெக்கானிக் போடாவிட்டால் "அங்கிள், இதில் ஒரு கோடு போடுங்கள்" என்று கேளுங்கள். கோடு போடப் போகிறவர் நட்டை இன்னொருமுறை தொட்டுப் பார்ப்பார்.

"பரிசோதனையில் தேறிவிட்டதே" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம்தான். ஆனால் அது அன்றைய நிலையைப் பார்ப்பது. ஃபில்டர் மாற்றினார்களா, பிளக் எத்தனை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஏமாற்றம் உறுதியானால், அன்றே படங்களோடும் ரசீதோடும் திரும்பிப் போய்ப் பேசுங்கள். பெரும்பாலான பட்டறைகள் சரிசெய்து கொடுக்கும். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள். இதற்கெல்லாம் விவரமான ரசீது வேண்டும். "முழு சர்வீஸ்" என்று ஒரே வரி எழுதிய சீட்டை வாங்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்துக் கிளம்பியபின், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சில் நட்டையும் செயினையும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நான் இன்றும் சர்வீஸுக்கு அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும் முன், கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்துக் குனிந்து அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.