மெதுவோட்ட வீடியோ: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ‘960 பிரேம்’ (செக்கனுக்கு 960 படம்) என்று பெட்டியில் போட்ட போன் வாங்கினேன். பறக்கும் தேன்சிட்டின் சிறகு இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. செட்டிங் பிழை என்கிறார் கடைக்காரர். – ஆசிரியை, தலவாக்கலை

பதில்: உங்கள் பிழை இல்லை, ரீச்சர். சில போன்கள் 240 பிரேம் மட்டுமே பிடித்துவிட்டு, இடையில் வருவதை மென்பொருளால் நிரப்பும். நல்ல வெயிலில் ஒரு பந்தை விழவிட்டு எடுத்து, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். பந்து இரண்டாகத் தெரிந்தாலோ, சில பிரேம் நின்று பிறகு துள்ளினாலோ அது நிஜ 960 அல்ல. பில், பெட்டி, அந்த வீடியோ மூன்றையும் வைத்து, வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. விடாதீர்கள்.

கேள்வி: 512 ஜிபி மெமரி கார்ட் மலிவாகக் கிடைத்தது. பாதியில் வீடியோ அழிந்துபோகிறது. – பதுளை

பதில்: போலி, கொண்டுபோய்க் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: 240 பிரேமில் தேனீயை எடுத்தேன். சிறகு அசையவே இல்லை. கமரா பழுதா? – உயர்தர மாணவன், பண்டாரவளை

பதில்: கமரா நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. தேனீ செக்கனுக்கு ஏறக்குறைய 230 தடவை சிறகடிக்கும். 240 பிரேமில் ஓர் அடிப்புக்கு ஒரு படம்தான் விழும். அதுவும் ஒவ்வொரு தடவையும் சிறகு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும்போது. அடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் படிக்க 10 படமாவது வேண்டும். அதற்கு 2,300 பிரேம் தேவை. எந்தப் பிராணியை எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு கடையிலும் கேட்பதில்லை. பெரிய எண்ணைக் காட்டிப் பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறார்கள். இதைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. செக்கனுக்குப் பத்துத் தடவை சிறகடிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு உங்கள் 240 தாராளம்: அடிப்புக்கு 24 படம். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம், 1/2000 செக்கன். அளவெடுக்க, பூச்சி இருக்கும் அதே தூரத்தில் அடிமட்டத்தை வையுங்கள். பின்சுவரில் ஒட்டினால் அளவு பிழைக்கும்.

கேள்வி: புது எல்இடி லைட் போட்டுப் பல்லியை எடுத்தால் படம் மினுங்குகிறது. – ஹட்டன்

பதில்: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவு பல்ப் அதில் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். பற்றரி லைட்டை முழு வெளிச்சத்தில் பாவியுங்கள். குறைத்தால் சிலது மறுபடி மினுங்கும். நான் வாங்கிய எல்இடி பெனலும் அந்த ரகம்தான்.

கேள்வி: இணையத்தில் பாவித்த லென்ஸ் வாங்கினேன், பில் இல்லை. உள்ளே நூல் நூலாக இருக்கிறது. – நுவரெலியா

பதில்: பூஞ்சணம். நுவரெலியா ஈரத்தில் இருந்துகொண்டு, டோர்ச் அடித்து உள்ளே பார்க்காமல் காசு கொடுக்கலாமா? பில்லும் கேட்கவில்லை. மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். அவற்றை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.