விடுதி வேண்டாம், வீட்டிலேயே தங்குங்கள்

ஜூனில் நான்கு வார ரஷ்ய மொழி வகுப்புக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறேன், பேச்சு சரியாக வராது, தங்குவது விடுதியிலா, உள்ளூர் ரஷ்யக் குடும்பத்தின் வீட்டிலா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் குடும்பத்தோடு தங்குங்கள். விடுதியில் கூடப் படிப்பவர்களோடு ஆங்கிலத்திலேயே பொழுது போய்விடும். வீட்டில் சமையலறை மேசைதான் உண்மையான வகுப்பு. தேநீர் ஆறுவதற்குள் பத்துச் சொல் காதில் விழும். வாசலில் காலணியைக் கழற்றியதும் ‘தாப்பச்கி’ என்ற வீட்டுச் செருப்பை நீட்டுவார்கள், மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். பூ வாங்கிப் போனால் ஒற்றைப்படையில் வாங்குங்கள்; இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளையும் கிளம்புமுன்பே படித்துவிடுங்கள்.

அங்கே வெண்ணிரவுக் காலம், நள்ளிரவிலும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவதே தெரியாது. ஒன்றரை மணிவாக்கில் கப்பல்களுக்காக நேவா ஆற்றுப் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் வீடு திரும்பப் பெரும்பாடு. வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு பண அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே செல்லாது, ரொக்கமாகவே கொண்டுபோங்கள்.