விதானையார் பதில்கள்

கேள்வி: தென்னாபிரிக்காவில் 18 முதல் 59 வயது வரை உள்ள எல்லாருக்கும் மாதாமாதம் காசு கொடுக்கப் பேசுகிறார்களாமே ஐயா? நம் நாட்டுக்கும் வருமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: பேச்சு உண்மைதான் தம்பி, இன்னும் பேச்சாகவே இருக்கிறது. 2020 மே மாதம், கொரோனா நேரத்தில், வருமானமில்லாத பெரியவர்களுக்கு மாதம் 350 ராண்ட் கொடுக்கத் தொடங்கினார்கள். சில மாதத்துக்கென்று வந்தது, நீண்டு நீண்டு 2024இல் 370 ஆனது. அதை வடிகட்டாமல் எல்லாருக்கும் கொடுங்கள் என்பதுதான் அங்குள்ள சமூக அமைப்புகளின் கோரிக்கை. இப்போது வடிகட்டல் உண்டு. வங்கிக் கணக்கில் மாதம் 624 ராண்டுக்கு மேல் வந்திருந்தால் கிடையாது. அண்ணன் மருந்துக்கு அனுப்பிய காசும் கணக்கில் வருமானம்தான்.

இங்கே இலங்கையில்? ஒரு கோடிப் பேருக்கு மாதம் 5000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 600 பில்லியன். சாமான் விலையோடு சேரும் வற் வரி ஏற்கெனவே 18 வீதம். அந்த 5000க்கும் வற் உள்ள சாமான் வாங்கினால் சுமார் 760 ரூபாய் அரசுக்கே திரும்பிப் போகும். மிச்சத்துக்கு எங்கே போவது? காசை அச்சடித்தால் என்ன நடக்கும் என்று 2022இல் பார்த்துவிட்டோம். ஈரான் 2010 கடைசியில் மானியங்களை வெட்டி, ஆளுக்கு மாதம் 455,000 ரியால் கொடுத்தது. விலைவாசி ஏறியது, தொகை வருடக்கணக்கில் அதே இடத்தில் நின்றது.

கேள்வி: பணக்காரனுக்கும் எதற்கு? இல்லாதவர்களைப் பார்த்துக் கொடுத்தால் போதாதா?
– வாசகி, பாலையூற்று

பதில்: 'பார்த்து' என்கிறீர்களே தங்கச்சி, அந்தப் பார்க்கிற வேலையைத்தான் கிராம சேவகராக, அதாவது விதானையாக, பென்சன் எடுக்கும்வரை செய்தேன்.

2020 ஏப்ரல் ஊரடங்கில், 5000 ரூபாய்க் கொடுப்பனவுக்காக வீடுவீடாகப் போனேன். கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. மதில், ரைல்ஸ் தரை, பிரிட்ஜ். பிள்ளை ஹோட்டலில் வெயிற்றர். மாதச் சம்பளக்காரன்தானே என்று பெயரை எழுதாமல் வந்துவிட்டேன். ஹோட்டல் மார்ச்சிலேயே சம்பளத்தை நிறுத்தியிருக்கிறது. பிரிட்ஜுக்குள் தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான் இருந்தது என்று தாய் பிறகு சொன்னா. அடுத்த வீட்டுக்கு மகன் கட்டாரிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தான், வறியவர்களுக்கான பழைய சமுர்த்தி உதவிப் பட்டியலில் பெயர் இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது. நான் பக்கம் பார்க்கவில்லை, ஒரு சதம் வாங்கவுமில்லை. ஆனாலும் அந்தத் தாயை மீன் சந்தையில் கண்டால் இன்றைக்கும் மற்றப் பக்கத்தால் போகிறேன்.

2023இல் அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தபோது விதானையை நம்பாமல் 22 அளவுகோல் வைத்துப் புள்ளி போட்டார்கள். சரி, மேன்முறையீட்டு வரிசை குறைந்ததா? பணக்காரனுக்குப் போன 5000ஐ வரியில் பிடித்துவிடலாம். விடுபட்டவனை யார் பிடிப்பது?

இன்னொன்று. 1942இல் தொடங்கிய கூப்பன் அரிசி, அதாவது அரசாங்கத்தின் பங்கீட்டு அரிசி, ஏறக்குறைய எல்லார் வீட்டுக்கும் போனது. சின்ன வயதில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சங்கக்கடை வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் டொக்டர் வீட்டுச் சமையல்காரர் நிற்பார். 1953இல் ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதும் ஆகஸ்ட் 12 ஹர்த்தால் நடந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் வறியவருக்கு மட்டும் உணவு முத்திரை என்றாக்கினார்கள். அதன் பெறுமதி விலைவாசியில் கரைந்தபோது யார் ஹர்த்தால் செய்தார்கள்? டொக்டர் வீட்டாருக்கு அதில் பங்கில்லையே.

கேள்வி: சும்மா காசு வந்தால் பெடியன்கள் வேலைக்குப் போவார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியா

பதில்: பின்லாந்தில் 2017, 2018இல் வேலையில்லாத 2000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள் சேர். வேலை கிடைத்தாலும் அது நிற்காது. வேலைக்குப் போனது குறையவில்லை, கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொல்லலாம். மனக்கவலை குறைந்தது. நம் பெடியன்களோ காசு இல்லாமலே கடற்கரையில் திரியும் மான்களோடு படுத்துக்கிடக்கிறார்கள் என்பீர்கள். அவர்களில் பாதிப் பேர் கடவுச்சீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள்.

கேள்வி: உங்களுக்குக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?
– வாசகி, நிலாவெளி

பதில்: 59 தாண்டிவிட்டது பிள்ளை. பட்டியலில் நான் இல்லை.